தேதி போடாத காசோலை



செல்போனில் படம் எடுக்கிறதைப் பற்றி நம் இதழில் ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். இரண்டு வருடம் முன்பு யாராவது இப்படி எழுதியிருந்தால் நானும் பக்கத்தைப் புரட்டிவிட்டு, பஞ்சகவ்யா பக்கத்துக்குப் போயிருப்பேன். 2023 டிசம்பருக்குப் பிறகு என் எண்ணம் மாறிவிட்டது. எப்படி மாறியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் வங்கியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு திருவொற்றியூரில். மீஞ்சூர் தாண்டி இரண்டரை ஏக்கர் நிலம். இரண்டு ஏக்கரில் நெல், மீதி அரை ஏக்கரில் முருங்கையும் காய்கறியும். ஓய்வுக்குப் பிறகு ரசாயனம் போடாமல் பயிர் செய்து வருகிறேன். தப்பும் தவறுமாகத்தான் கற்றுக்கொண்டேன், இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

நாற்பது படம், ஒன்றிலும் வயல் இல்லை

மிக்ஜாம் புயல் வந்தபோது என் வயலில் தூயமல்லி பூத்து நின்றது. டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் எங்கள் தெருவிலேயே முழங்காலுக்கு மேல் தண்ணீர். 6-ம் தேதிதான் நிலத்துக்குப் போக முடிந்தது. போனால் வயலும் தெரியவில்லை, வரப்பும் தெரியவில்லை. கதிரின் நுனி மட்டும் அங்கங்கே எட்டிப் பார்த்தது. மனசு பதறிப்போய் செல்போனை எடுத்து, நின்ற இடத்திலேயே நின்று நாற்பது படம் எடுத்தேன்.

தண்ணீர் முழுக்க வடிய மேலும் மூன்று நாள் ஆனது. பயிர்ச்சேதக் கணக்கெடுக்க அலுவலர் வந்தபோது வயல் காய்ந்து, பயிர் பச்சையாக நின்றது. பூக்கும் பருவத்தில் நான்கைந்து நாள் மூழ்கிய நெல், பார்க்கப் பச்சையாக இருந்தாலும் கதிர் பதராகிவிடும் என்று நமக்குத் தெரியும். அன்றைக்கு அங்கே நின்று பார்க்கிறவருக்குக் கண்ணால் தெரியாது. நான் பெருமையாக நாற்பது படத்தையும் காட்டினேன். அவர் பொறுமையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கடைசியில் கேட்டார்: “சார், இது யார் வயல்?”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. எல்லாப் படத்திலும் தண்ணீர்தான். வேறு எதுவும் இல்லை. என் பம்ப்செட் கொட்டகை எதிலும் இல்லை. எல்லைக் கல் இல்லை. தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று சொல்ல ஒரு குச்சிகூட இல்லை. எத்தனை நாள் நின்றது என்று காட்ட அடுத்த நாள் படமும் இல்லை. பாதி படம் மங்கல் வேறு, கை நடுங்கியிருக்கிறது.

33 சதவீதத்துக்கு மேல் சேதமான பாசனப் பயிருக்கு அப்போது அரசு அறிவித்த நிவாரணம் ஹெக்டேருக்கு ரூ.17,000. என் இரண்டு ஏக்கருக்குச் சுமார் ரூ.13,700 வந்திருக்க வேண்டும். ஒரு ஏக்கர்தான் கணக்கில் ஏறியது. அறுவடையில் இரண்டு ஏக்கருமே பதர்தான். அந்த அலுவலர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏன் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எண்ணெய்க் கோடு

அதே வாரம் எங்கள் பகுதியில் வேறொரு கொடுமை நடந்தது. வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்தது. பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலையாறு, எண்ணூர் முகத்துவாரம் வரை கறுப்புப் படலம். வலை, படகு, அலையாத்திச் செடி, வீட்டுச் சுவர் எல்லாம் எண்ணெய். கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு ரூ.12,500, படகைச் சரிசெய்ய ரூ.10,000 என்று அரசு அறிவித்தது.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவின் மகன், எண்ணூர்க் குப்பத்துப் பையன், இருபத்து மூன்று வயதிருக்கும். ஒருநாள் அம்மாவோடு வந்தவன் திண்ணையில் உட்கார்ந்து தன் செல்போனில் இருந்த படங்களைக் காட்டினான். என் போனைவிட விலை குறைந்த போன். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்து நான் அசந்துபோனேன்.

முதல் படத்தில் கரையும் படகுகளும், பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும். எந்த இடம் என்று கேள்வியே வராது. இரண்டாவது படத்தில் ஒரே ஒரு படகு, பக்கவாட்டில் பதிவு எண் பளிச்சென்று. மூன்றாவதில் அந்தப் படகின் பலகையில் அப்பியிருந்த எண்ணெய், பக்கத்தில் அவன் விரல். இப்படி ஒவ்வொரு படகுக்கும் மூன்று. வீட்டுச் சுவரில் எண்ணெய் ஏறிய கோட்டுக்குத் தரையிலிருந்து சாண் வைத்து அளந்து, ஒவ்வொரு சாணுக்கும் ஒரு படம்.

நானும் என் நாற்பது படத்தைக் காட்டினேன். இரண்டு படம் பார்த்துவிட்டுச் சிரித்தான். “இன்னா சார், தண்ணி தெரியுது, உங்க வயலு தெரியலியே!”

“யாருப்பா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டேன்.

“யாரும் இல்ல சார். போன தபா எண்ணெ வந்தப்ப நான் ஸ்கூல் படிக்கிறேன். எங்க அப்பா படகும் பாழாப் போச்சு. கேக்க வந்தவங்க கிட்ட காட்ட ஒண்ணுமே இல்ல. அப்ப முடிவு பண்ணேன்.”

போன தபா என்று அவன் சொன்னது 2017 ஜனவரி 28. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்ட நாள். சின்னக் கசிவு என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு ஆட்கள் பாறைகளுக்கு நடுவே இறங்கி வாளியில் எண்ணெயை அள்ளி அள்ளிக் கைமாற்றிய படங்கள் வெளியே வந்ததும் பேச்சு மாறிப்போனது. ஒரு பிளாஸ்டிக் வாளி எவ்வளவு கொள்ளும் என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும் அல்லவா? அந்த வாளிதான் அங்கே அளவுகோலாக ஆனது.

அன்றிலிருந்து அந்தத் தம்பிதான் எனக்கு வாத்தியார்.

மாட்டின் தலை

அலுவலர் மேல் ஏன் கோபம் இல்லை என்று சொல்கிறேன் என்றேனே, அதற்கு முப்பத்தைந்து வருடம் பின்னால் போக வேண்டும்.

1980-களின் கடைசியில் நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமக் கிளையில் ஃபீல்டு ஆபீசர். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் கறவை மாட்டுக் கடன் கொடுத்துக்கொண்டிருந்த காலம். மாட்டுக்குக் காப்பீடு உண்டு, காதில் எண் போட்ட வில்லை குத்துவார்கள். மாடு செத்தால் வில்லையைக் காட்ட வேண்டும், வில்லை இல்லையென்றால் பணம் இல்லை. இதுதான் விதி. கடன் கொடுக்கும்போது பயனாளியை மாட்டோடு நிறுத்தி ஒரு போட்டோவும் எடுத்துக் கோப்பில் வைப்போம்.

ஒரு அம்மாவின் மாடு செத்துப்போனது. வில்லை எப்போதோ வேலி முள்ளில் மாட்டிக் கிழிந்து விழுந்துவிட்டதாம். “போட்டோ இருக்கே சார், அதுல வில்லை தெரியுமே” என்று வந்தார். கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஸ்டுடியோக்காரர் அந்த அம்மாவை நடுவில் நிறுத்தி அழகாக எடுத்திருந்தார். மாட்டின் உடம்பு இருந்தது, தலை படத்துக்கு வெளியே போயிருந்தது.

அந்த அம்மா படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். “நான்தான் சார் முழுசா இருக்கேன். மாடு இல்லியே” என்றார்.

காப்பீட்டுப் பணம் வரவில்லை. செத்த மாட்டுக்கு மூன்று வருடம் தவணை கட்டினார். விதிப்படி நான் செய்தது சரி. அந்தப் படம் எடுத்த அன்று பக்கத்தில் நின்றவனும் நான்தான். “மாட்டுத் தலையைச் சேர்த்து எடுப்பா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்று சொல்வதுகூடப் பொய். கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

காசோலையில் கையெழுத்து இருக்கும், தொகை இருக்கும், கணக்கில் பணமும் இருக்கும். தேதி இல்லையென்றால் கவுன்ட்டரில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். 2023-ல் நான் எடுத்த நாற்பது படமும் அப்படித் திரும்பி வந்த காசோலைகள்தான். அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் இந்தப் பக்கம் வந்து நின்றபோதுதான் புரிந்தது.

தம்பி கற்றுக் கொடுத்தவை

இனி வேலைக்கு வருவோம். இவை எதற்கும் விலை உயர்ந்த போன் வேண்டாம்.

*முதலில் துடையுங்கள்.* எங்கள் ஊரில் உப்புக் காற்று, உங்கள் ஊரில் புழுதி, எல்லோருக்கும் விரல் ரேகை. படம் மங்கலாக வருவதற்குப் பாதிக் காரணம் லென்ஸ் அழுக்குதான். மண் துகள் இருந்தால் முதலில் ஊதிவிட்டு, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். ஊதாமல் துடைத்தால் கீறல் விழும்.

*மூன்று படம்.* ஒவ்வொரு விஷயத்துக்கும் தூரம், நடு, கிட்டம் என்று மூன்று. தூரப் படத்தில் இடம் தெரிய வேண்டும்: கோயில் கோபுரம், மின்கம்பம், பம்ப்செட் கொட்டகை, பனைமரம், அசையாத ஏதாவது ஒன்று. நடுப் படத்தில் அந்தப் பாத்தியோ மரமோ முழுசாக. கிட்டப் படத்தில் சேதமோ பூச்சியோ மட்டும்.

*அளவுக்கு ஒன்று வையுங்கள்.* பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், நாடு முழுக்க ஒன்றுதான். புழுவுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் யாரும் அளவைக் கேட்க மாட்டார்கள். தண்ணீருக்கு, அடிக்கு ஒரு கோடு போட்ட கம்பு. இப்போது என் வயலின் நான்கு மூலையிலும் சிவப்பு, வெள்ளை பெயின்ட் அடித்த கம்பு நட்டு வைத்திருக்கிறேன். பக்கத்து நிலத்துக்காரர் “சார் ரயில்வே கேட் போட்டுட்டார்” என்று கிண்டல் செய்கிறார். செய்யட்டும்.

*வெளிச்சம்.* காலை ஒன்பதுக்கு முன், மாலை நான்குக்குப் பின் நல்லது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருக்கட்டும், எதிரே இருந்தால் பயிர் கறுத்துவிடும். உச்சி வெயிலில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் செடிக்குக் குடை பிடியுங்கள். மேகமூட்டமான நாளைப் பலர் வெறுக்கிறார்கள், இலை படம் எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

*இழுத்துப் பெரிதாக்காதீர்கள்.* திரையில் இரண்டு விரலால் இழுத்தால் பெரும்பாலான போன்களில் படத்தின் தெளிவு போய்விடும். நடந்து கிட்டே போங்கள். அதற்காக இலைமேல் போனை ஒட்டவும் கூடாது. ஒரு சாணுக்குள் போனால் பல போன்களுக்குக் கண் மங்கும். சற்றுத் தள்ளி எடுத்து, பிறகு ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம்.

*தொட்டுக் காட்டுங்கள்.* எது தெளிவாக வர வேண்டுமோ, திரையில் அந்த இடத்தை விரலால் தொட வேண்டும். இல்லையென்றால் போன் பின்னால் இருக்கும் வரப்பைத் தெளிவாக்கிவிட்டு, முன்னால் இருக்கும் பூச்சியை விட்டுவிடும். காற்றில் இலை ஆடினால் காம்பைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையைப் பின்னால் வைத்து எடுங்கள். முழங்கையை விலாவில் ஒட்டி வைத்து, மூச்சை நிறுத்தி அழுத்தினால் நடுக்கம் குறையும். என்னைப் போன்ற அறுபது தாண்டியவர்களுக்கு இது முக்கியம்.

*இடமும் நேரமும்.* கேமரா அமைப்பில் ‘லொகேஷன்’ என்பதை ஆன் செய்து வைத்தால், எடுத்த இடமும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிவாகும். படத்தின் மேலேயே அவற்றை அச்சடித்துத் தரும் செயலிகளும் உண்டு. இரண்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், உள்ளே பதிந்த இந்த விவரங்களும் அழிந்துபோகும். அதனால் ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள். மூலப் படத்தை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

*ஒரே இடம், ஒவ்வொரு மாதமும்.* வரப்பில் ஒரு கல் நட்டு, மாதம் ஒருமுறை அதே கல்லில் நின்று அதே திசையில் ஒரு படம். மூன்று வருடம் எடுத்துப் பாருங்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடல்நீர் உள்ளே வந்த கதை பழசு. என் நிலத்தின் கிழக்கு ஓரத்திலும் கோடையில் உப்பு பூக்கும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுத பிறகு அந்த வெள்ளை சுருங்குகிறதா, பரவுகிறதா என்று நினைவை வைத்துச் சொல்ல முடியாது. படம் சொல்லிவிடுகிறது. முதல் வருடம் பரவியிருக்கிறது, இரண்டாம் வருடம் சுருங்கியிருக்கிறது. நான் நேர்மாறாக நினைத்திருந்தேன்.

மங்கல் படத்தால் செய்த பாவம்

நல்ல படம் நிவாரணத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். போன வருடம் காராமணியில் அசுவினி. நடுவில் கறுப்பாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளியோடு, முதலை மாதிரி ஒரு புழு ஊர்ந்தது. பயந்துபோய் மங்கலாக ஒரு படம் எடுத்து நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். அந்த மங்கலில் அவருக்குத் தெரிந்தது ஏதோ ஒரு புழு. “பூச்சிவிரட்டி அடிச்சிடுங்க” என்றார், அடித்தேன். நான்கு நாள் கழித்து மிச்சம் இருந்த ஒன்றைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பியபோதுதான், “ஐயையோ, இது பொறிவண்டுக் குட்டியாச்சே! அசுவினியைத் தின்ன வந்ததை விரட்டிட்டீங்களே” என்றார்.

புகையானும் அப்படித்தான். அது தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே உட்கார்ந்திருக்கும். நாம் நின்றபடி மேலிருந்து மஞ்சளான இலையைப் படமெடுத்து அனுப்புவோம். பார்க்கிறவர் சத்துக் குறைவு என்பார். குனிந்து, தூரை விலக்கி, அடியில் எடுக்க வேண்டும். இலையென்றால் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. பக்கத்தில் நல்ல இலை ஒன்றையும் வைத்தால் இன்னும் நல்லது.

படத்துக்கும் ரசாயனம் வேண்டாம்

இங்கே நம்மவர்களிடம் ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. நம் குழுக்களில் விற்பனைக்காகப் போடப்படும் படங்களைப் பார்க்கிறேன். தக்காளி குங்குமம் மாதிரி, கீரை கண்ணாடிப் பச்சை. ஒரு பொட்டு ஓட்டை இல்லை. எல்லாம் ஃபில்டர் வேலை. சில போன்கள் நாம் கேட்காமலேயே பச்சையைக் கூட்டிவிடுகின்றன. பழத்துக்கு மெழுகு பூசுகிறவரைத் திட்டுகிற நாம் படத்துக்கு மெழுகு பூசலாமா?

வாடிக்கையாளர் அந்தப் படத்தைப் பார்த்து வாங்கி, பையைத் திறந்ததும் ஏமாந்துபோவார். நான் ஒருமுறை ஓட்டை விழுந்த முளைக்கீரையை, முறத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளபடியே எடுத்து, “இரண்டு புழு தின்றது, மிச்சம் உங்களுக்கு” என்று எழுதிப் போட்டேன். முப்பது கட்டும் அன்றே போனது. நோய் கேட்டு அனுப்பும் படத்தில் ஃபில்டர் இன்னும் ஆபத்து. வெளிறிய இலையைப் போன் பச்சையாக்கிவிட்டால் யார் என்ன யோசனை சொல்ல முடியும்? இலைக்கு அடியில் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்து எடுங்கள். காகிதம் வெள்ளையாகத் தெரிந்தால் இலையின் நிறத்தையும் நம்பலாம்.

யார் எடுக்க வேண்டும்?

1936 மார்ச் மாதம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நிப்போமோ என்ற ஊர். பனியில் பட்டாணிப் பயிர் அழிந்து, பறிக்க வந்த கூலி உழவர்கள் வேலையில்லாமல் கூடாரங்களில் பட்டினி கிடந்தார்கள். அரசுக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்த டோரத்தியா லாங்கே என்ற பெண் அங்கே குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு தாயைப் படமெடுத்தார். செய்தி நாளிதழில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு அனுப்பியது. நம் கணக்கில் சுமார் 9 டன். ஒரு படத்தின் பலம் அது.

ஆனால் உணவு வருவதற்குள் அந்தத் தாய் வேறு ஊர் போய்விட்டார். லாங்கே அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. உலகமே அறிந்த அந்த முகத்தின் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரிய 1978 ஆனது. அந்தப் படத்தால் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவர் வருத்தப்பட்டார்.

வெளியிலிருந்து வருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார். நம் நிலத்தில் நாம்தான் இருப்போம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய ‘பாரி’ இணைய ஆவணத்தின் புகைப்படக்காரர் எம். பழனி குமார், மதுரைப் பக்கத்தில் மீன் விற்ற தாயின் மகன். உழைப்பவர்களைப் படமெடுப்பதோடு நிற்காமல், உழைப்பாளிகளின் பிள்ளைகளுக்கும் கேமராவைச் சொல்லிக் கொடுக்கிறார். அதைத்தான் நான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. நம் வயலில் வேலை செய்யும் பெண்களைப் படமெடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். நான் முதலில் கேட்காமல் எடுத்துக்கொண்டிருந்தேன். காசிமேட்டில் ஒரு அம்மா, “மீனைப் புடி, என்னைப் புடிக்காத” என்று கூடையால் முகத்தை மறைத்தபோதுதான் புத்தி வந்தது.

படம் இருந்தால் போதுமா?

போதாது. இதையும் சொல்லாவிட்டால் நான் அரைக்கட்டுரை எழுதியவன் ஆவேன்.

இழந்தவனே ஆதாரத்தையும் சுமக்க வேண்டும் என்பது நியாயம் இல்லை. தண்ணீர் நின்ற அன்றே வந்து பார்ப்பது அலுவலரின் வேலை. கையில் போன் இல்லாத, இருந்தாலும் சார்ஜ் போட மின்சாரம் இல்லாத உழவர் எத்தனை பேர்? “போட்டோ அனுப்புங்க, வர வேண்டியதில்லை” என்று சொல்லும் நிலை வந்தால் அது நமக்குத் தோல்வி. ‘பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்ட’த்தில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற இடஞ்சார்ந்த சேதத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். வீடே மூழ்கிக் கிடக்கும் ஆளுக்கு 72 மணி நேரம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், மூன்று நாள் கழித்துத்தான் நானே வயலைப் பார்த்தேன்.

ஆகவே நேரில் வரச் சொல்லி நம் இயக்கம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் வருகிற வரைக்கும் கையில் ஒரு படம் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் நஷ்டம் நமக்குத்தான்.

என் கோரிக்கை

மாதாந்திரக் கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். பேச்சாளர் வேண்டாம். ஊரில் உள்ள பையன்களையும் பெண்பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், அவர்கள் சொல்லித் தரட்டும். பங்கேற்பு உத்தரவாத முறையில் சான்று வாங்கும் குழுக்களில் ஒருவர் நிலத்தை மற்றவர் பார்க்கத்தானே போகிறோம், அப்போது மூன்று படம் எடுத்துக் குழுவின் பதிவேட்டில் தேதியோடு சேருங்கள். எந்தப் படம், எந்த வயல், யார் எடுத்தது என்று ஒரு நோட்டில் ஒரு வரி. வங்கியில் இதை ரெஜிஸ்டர் என்போம். முப்பத்தைந்து வருடம் எழுதி எனக்குச் சலித்த வேலை அது, இப்போது என் நிலத்துக்காகச் சலிக்காமல் எழுதுகிறேன்.

போன வடகிழக்குப் பருவமழையில் வயலில் மறுபடி ஒரு அடி தண்ணீர் நின்றது. இந்தத் தடவை தினமும் காலையில் ஒரே இடத்தில் நின்று எடுத்தேன்: கொட்டகை, கம்பு, கம்பில் தண்ணீர் மட்டம். மூன்றாம் நாள் வடிந்துவிட்டது, பயிர் தப்பியது. யாரிடமும் காட்ட வேண்டிய தேவை வரவில்லை. படங்களைத் தம்பிக்கு அனுப்பினேன். ‘டாக்குமெண்ட்’ வழியில்தான்.

“இப்ப வயலு தெரியுது சார்” என்று பதில் வந்தது. கீழே இன்னொரு வரியும் இருந்தது: “லென்ஸைத் தொடைங்க.”